ஐரோப்பியக் கடலில் சொந்தப் படகு: எல்லை தாண்டும் முன் கையில் இருக்க வேண்டிய காகிதங்கள்

“வாட் (மதிப்புக்கூட்டு வரி) கட்டியாச்சு, அப்புறம் என்ன?” என்பதுதான் படகு வாங்கிய புதிதில் எல்லோரும் சொல்வது. அந்த நம்பிக்கையோடு புறப்பட்டு, மூன்றாவது துறைமுகத்தில் சுங்க அதிகாரி கேட்கும் இரண்டாவது கேள்விக்குப் பதில் இல்லாமல் நிற்பவர்கள் நிறையப் பேர். காரணம், இதில் நான்கு தனித்தனி விஷயங்கள் இருக்கின்றன: படகின் கொடி, படகின் வரி நிலை, உரிமையாளர் வசிக்கும் நாடு, படகில் இருப்பவர்களின் பாஸ்போர்ட். ஒவ்வொன்றையும் பார்ப்பது வேறு வேறு அலுவலகம். ஒன்று சரியாக இருப்பதால் மற்றது சரியாகிவிடாது.

இந்தக் கட்டுரை 24 மீட்டருக்குக் குறைவான, வாடகைக்கு விடாத, சொந்த உபயோகப் படகுகளுக்கானது. உதாரணத்துக்கு, இங்கிலாந்தின் தென்கரையிலிருந்து கிரீஸ் வரை போகும் 11 மீட்டர் பிரிட்டிஷ் கொடிப் பாய்மரப் படகு ஒன்றை எடுத்துக்கொள்வோம். உரிமையாளர் வசிப்பதும் பிரிட்டனில்தான். ஜெர்மனியிலோ பிரான்சிலோ வசிப்பவர்களுக்கு எங்கே மாறும் என்பதை அந்தந்த இடத்தில் சொல்கிறோம்.

முதல் வேலை: நான்கு வரி எழுதுங்கள்

ஒரு தாளில் இப்படி எழுதிக்கொள்ளுங்கள்.

கொடி: எந்த நாட்டுப் பதிவு, எப்போது காலாவதி.
வரி நிலை: ஐரோப்பிய ஒன்றியச் சரக்கா (அதாவது வரியும் சுங்கமும் தீர்ந்து ஒன்றியத்துக்குள் தடையின்றி இருக்கக்கூடியதா), இல்லையா, எதை வைத்து நிரூபிப்பது.
வசிப்பிடம்: பதிவில் பெயர் உள்ளவர் ஒன்றியத்துக்கு உள்ளே வசிக்கிறாரா, வெளியேயா. குடியுரிமை இங்கே கணக்கில்லை.
ஆட்கள்: யார் யார், என்ன பாஸ்போர்ட், ஷெங்கனில் (தங்களுக்குள் எல்லைச் சோதனை இல்லாத ஐரோப்பிய நாடுகளின் கூட்டு) எத்தனை நாள் மிச்சம்.

இனி வரும் எல்லாமே இந்த நான்கு வரியைத்தான் சுற்றி வரும்.

பதிவும் உரிமையும்

பிரிட்டனில் இரண்டு வழி உண்டு. சிறு கப்பல் பதிவேடு என்கிற மூன்றாம் பகுதிப் பதிவு மலிவு, ஐந்து வருடம் செல்லும், இணையத்திலேயே முடிந்துவிடும். அது கொடியைத்தான் தரும், உரிமையை நிரூபிக்காது. வருடத்தில் குறைந்தது 185 நாள் பிரிட்டனில் வசிப்பவருக்கு மட்டுமே அது உரியது. ஸ்பெயினுக்குக் குடிபெயர்ந்த பிறகும் அதே சான்றை வைத்துக்கொண்டு ஓட்டுகிறவர்கள், பதிவில்லாத படகை ஓட்டுகிறார்கள் என்றுதான் அர்த்தம். முதலாம் பகுதிப் பதிவு செலவும் அலைச்சலும் கூடியது. ஆனால் உரிமையும் அடமானமும் அதில் ஏறும். நம்மூரில் நிலம் வாங்கும்போது தாய்ப் பத்திரமும் வில்லங்கச் சான்றும் பார்ப்பதைப்போல, இந்தப் பதிவேட்டின் பிரதியை வாங்கிப் பார்க்காமல் முன்பணம் கொடுக்க வேண்டாம்.

மூன்றாம் பகுதிப் படகு என்றால் கிரயப் பத்திரங்கள்தான் ஆதாரம். கட்டியவர் முதல் ஆளுக்கு விற்றது, அவர் இரண்டாம் ஆளுக்கு விற்றது என்று இன்றுவரை சங்கிலி அறுபடாமல் வேண்டும். நடுவில் ஒரு பத்திரம் தொலைந்திருந்தால், விற்பவரிடம் பேசும்போதே அதைக் கேட்டு வாங்குங்கள். பணம் கைமாறிய பிறகு பழைய உரிமையாளரைத் தேடிப் பிடிப்பது குதிரைக்கொம்பு.

ஒன்றியத்துக்குள் வாங்கிக் கொடியை மாற்றுவதாக இருந்தால், பழைய பதிவிலிருந்து பெயர் நீக்கிய சான்று கட்டாயம். இது இல்லாமல் புதிய நாடு பதிவு செய்யாது; செய்தாலும் படகுக்கு இரண்டு கொடி இருப்பதாக ஆகிவிடும். ஜெர்மனியில் பலர் வைத்திருக்கும் சர்வதேசப் படகுச் சான்று இரண்டு வருடம்தான் செல்லும். பயணத்தின் நடுவே காலாவதியாகாதபடி பார்த்துக்கொள்ளுங்கள்.

காகிதத்தைப் படகோடு ஒப்பிட மறக்க வேண்டாம். படகின் பின்பக்கச் சுவரில், வலது புறம், மேல் விளிம்பை ஒட்டி, உடல் எண் செதுக்கியிருக்கும். முதலில் நாட்டுக்கான இரண்டு எழுத்து, ஒரு சிறு கோடு, கட்டியவருக்கு மூன்று எழுத்து, வரிசை எண்ணுக்கு ஐந்து இடம், பிறகு மாதத்தைக் குறிக்கும் ஓர் எழுத்து, கட்டிய ஆண்டின் கடைசி இலக்கம், கடைசியாக மாடல் ஆண்டுக்கு இரண்டு இலக்கம். மாத எழுத்து ‘ஏ’ என்றால் ஜனவரி. டார்ச் அடித்து ஒவ்வோர் எழுத்தாகப் படித்து, இன்வாய்சிலும் பதிவுச் சான்றிலும் கிரயப் பத்திரத்திலும் உள்ளதோடு சரிபாருங்கள். வரிசை எண்ணில் ‘ஐ’, ‘ஓ’, ‘கியூ’ ஆகிய எழுத்துகளைப் பயன்படுத்துவதில்லை. அங்கே வட்டமாக ஒன்று தெரிந்தால் அது பூஜ்யம். விற்பனை முகவர் அலுவலகத்தில் யாரோ அதை ‘ஓ’ என்று தட்டியிருப்பார்கள். அந்த ஒரு எழுத்துக்காக, அசல் இன்வாய்சே இந்தப் படகுக்கு உரியது இல்லை என்று ஒரு சுங்க அதிகாரி சொன்னால் அவரைக் குறை சொல்ல முடியாது.

வாட்: நேரத்தைச் செலவிட வேண்டிய இடம்

“வாட் கட்டிய படகு” என்று விளம்பரத்தில் போட்டிருப்பதற்குத் தனியாகச் சட்ட மதிப்பு எதுவும் இல்லை. சுங்கம் பார்ப்பது படகு இன்று ஒன்றியச் சரக்கா என்பதைத்தான். என்றோ கட்டிய வரி அதற்கு ஓர் ஆதாரம், அவ்வளவே. அந்த நிலையைப் பெறலாம், இழக்கவும் இழக்கலாம்.

நிரூபிக்கச் சிறந்த காகிதம், வாட் தொகை தனியாகக் காட்டிய முதல் விற்பனை இன்வாய்ஸ், அல்லது இறக்குமதி வரி கட்டிய சுங்க ரசீது. மிகப் பழைய படகுகளுக்குச் சலுகை உண்டு: 1985 ஜனவரி 1-க்கு முன் பயன்பாட்டுக்கு வந்து, 1992 டிசம்பர் 31 அன்று அன்றைய உறுப்பு நாடுகளில் எங்காவது இருந்திருந்தால், வரி கட்டியதாகவே கருதுவார்கள். ஆஸ்திரியா, ஃபின்லாந்து, ஸ்வீடன் மூன்றுக்கும் அந்தத் தேதிகள் 1987 ஜனவரி 1, 1994 டிசம்பர் 31. வயதுக்கு ஒரு சான்றும் அந்த நாளில் படகு எங்கே நின்றது என்பதற்கு ஒரு சான்றும் தேவை. பழைய மெரினா ரசீதுகளைக் குப்பையில் போடக் கூடாது என்பதற்கு இதைவிடக் காரணம் வேண்டியதில்லை.

பிரெக்சிட்டுக்குப் பிறகு இன்னொரு தேதி சேர்ந்துகொண்டது: 2020 டிசம்பர் 31. அந்த இரவு பிரான்சிலோ கிரீசிலோ நின்ற, ஒன்றியச் சரக்காக இருந்த படகு, வாட் பிரிட்டனில் கட்டப்பட்டிருந்தாலும் தன் நிலையைத் தக்கவைத்துக்கொண்டது. அதே மாதிரிப் படகு அன்று இங்கிலாந்தில் நின்றிருந்தால் இழந்துவிட்டது. இரண்டுக்கும் வரி ஒரே தொகை கட்டியிருப்பார்கள். நியாயமா என்று கேட்டால் பதில் இல்லை. அந்த நாளின் மெரினா பில், கிரேன் ரசீது, இன்சூரன்ஸ் கடிதம் எல்லாம் சாட்சி.

நிலையைச் சுங்கம் தானே சான்றளிக்கும் ஆவணத்துக்கு டி2எல் என்று பெயர். ஒன்றியத்தை விட்டு வெளியே போய்த் திரும்பி வரும் பயணத்துக்கு உதவும். செல்லுபடி 90 நாள் என்பதால் புறப்படுவதற்குச் சற்று முன்னால் வாங்குங்கள். காலாவதியானதையும் பத்திரப்படுத்துங்கள், அந்தத் தேதியில் நிலை இருந்ததற்கு அது எழுத்துப்பூர்வ ஆதாரம்.

நிலை எப்படிப் போகிறது? படகு ஒன்றியத்தின் சுங்க எல்லையை விட்டு வெளியேறுவதால். திரும்பி வரும்போது வரியில்லாமல் நுழைய மூன்று நிபந்தனை: மூன்று வருடத்துக்குள் வர வேண்டும், வெளியே கொண்டுபோனவரே கொண்டுவர வேண்டும், பழுது பார்த்தது தவிரப் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது. இரண்டாவதில்தான் அதிகம் பேர் விழுகிறார்கள். துருக்கியில் நிற்கும் ‘வாட் கட்டிய’ படகை அங்கேயே வாங்கி, கிரேக்கத் தீவுக்குள் நுழைகிறார் ஒருவர். கொண்டுபோனவர் பழைய உரிமையாளர், கொண்டுவருகிறவர் இவர். எனவே படகு புதிதாக இறக்குமதியாகிறது. கிரீசில் வாட் 24 சதவீதம், அதோடு சுங்கவரி. விலை பேசும்போதே படகை ஒன்றியத்துக்குள் கொண்டுவந்து ஒப்படைக்கச் சொல்லியிருந்தால் அந்தச் செலவு இல்லை.

ஒன்றியத்துக்குள் ஒரு தனிநபரிடமிருந்து இன்னொரு தனிநபர் பழைய படகு வாங்கினால் வாட் கிடையாது. ஒரு விதிவிலக்கு: 7.5 மீட்டருக்கு மேல் நீளமுள்ள படகு, பயன்பாட்டுக்கு வந்து மூன்று மாதத்துக்குள் இருந்தாலோ, 100 மணி நேரத்துக்கு மேல் ஓடாமல் இருந்தாலோ, அது சட்டப்படி ‘புதியது’. படகு போய்ச் சேரும் நாட்டில் வாட் கட்டவேண்டும். ஜெர்மனியில் 19, நெதர்லாந்தில் 21, குரோவேஷியாவில் 25 சதவீதம் என்று வித்தியாசம் இருப்பதால், எஞ்சினின் மணிக்கணக்குக் காட்டியைப் படம் எடுத்து வைப்பது நல்லது.

ஒன்றியச் சரக்கு இல்லையென்றால்: 18 மாதம்

நம் உதாரணப் படகு 2020 கடைசியில் இங்கிலாந்தில் நின்றது என்று வைத்துக்கொள்வோம். அது வரி கட்டாமலே ஒன்றியத்துக்குள் 18 மாதம் இருக்கலாம். தற்காலிக அனுமதி என்பது இதன் பெயர். படகின் பதிவு ஒன்றியத்துக்கு வெளியே இருக்க வேண்டும், பதிவில் உள்ளவரும் வெளியே வசிக்க வேண்டும். பெரும்பாலும் தனி விண்ணப்பம் கிடையாது. எல்லை தாண்டுவதே அறிவிப்பு. அதனால்தான் நுழைந்த தேதிக்கு நீங்களே ஆதாரம் சேர்க்கவேண்டியிருக்கிறது. முதல் துறைமுகத்தின் ரசீதில் படகின் பெயரும் தேதியும் அச்சாகியிருக்கிறதா என்று அங்கேயே பாருங்கள்.

இந்த அனுமதியில் இருக்கும்போது படகை வாடகைக்கு விடக் கூடாது, வரி கட்டாமல் உள்ளே விற்கவும் கூடாது. ஜெர்மனியில் வசிக்கும் தம்பி “ஒரு வாரம் எடுத்துக்கொள்கிறேன்” என்றால், எப்போதாவது எடுக்கலாம். ஆனால் உங்கள் அனுமதியோடு, நீங்களும் அப்போது ஒன்றியத்துக்குள் இருக்கும் பட்சத்தில்தான். நீங்கள் லண்டனில் இருந்துகொண்டு அவரிடம் சாவியைக் கொடுத்தால் சலுகை அங்கேயே முறிகிறது. பராமரிப்பு வேலை செய்யலாம். மதிப்பைக் கூட்டும் பெரிய மறுசீரமைப்புக்கு வேறு சுங்க நடைமுறை இருக்கிறது, பட்டறையிடம் முன்கூட்டியே கேளுங்கள்.

18 மாதம் முடிவதற்குள் படகு வெளியே போய் வந்தால் கணக்கு மறுபடி முதலிலிருந்து. கிரேக்கத் தீவுகளிலிருந்து துருக்கி, குரோவேஷியாவிலிருந்து மாண்டினீக்ரோ, தெற்கு ஸ்பெயினிலிருந்து மொராக்கோ, சிசிலியிலிருந்து துனிசியா, பிரான்சின் வடகரையிலிருந்து சேனல் தீவுகள். குறைந்தபட்சம் இத்தனை நாள் வெளியே இருக்கவேண்டும் என்று சட்டத்தில் இல்லை. இருந்தாலும் ஓர் இரவாவது தங்கி, அந்நாட்டுச் சுங்க முத்திரையும் மெரினா பில்லும் வாங்கி வாருங்கள். கடலில் ஒரு கோடு போட்டுத் திரும்பிய வரைபடத்தை யாரும் ஆதாரமாக ஏற்கமாட்டார்கள்.

நீங்களே ஒன்றியத்துக்குள் குடிபெயர்ந்தால் இந்தச் சலுகை முடிந்தது. அப்போது வேறு கதவு திறக்கிறது: வெளியே தொடர்ந்து 12 மாதம் வசித்து, படகை ஆறு மாதமாவது சொந்தமாக வைத்துப் பயன்படுத்தியிருந்தால், குடிபெயர்ந்த 12 மாதத்துக்குள் வரியின்றி இறக்குமதி செய்யலாம். அதற்கு அடுத்த 12 மாதம் விற்கவோ கடன் கொடுக்கவோ கூடாது.

ஆளுக்கு 90, படகுக்கு 18

ஷெங்கன் கணக்கு ஆளுக்கு உரியது: எந்த நாளில் நின்று பின்னோக்கி 180 நாளை எண்ணினாலும் 90-க்கு மேல் உள்ளே இருந்திருக்கக் கூடாது. படகின் 18 மாதத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. நீங்கள் விமானத்தில் வீடு திரும்பினால் உங்கள் கணக்கு நிற்கும், கரையேற்றி வைத்த படகின் கணக்கு ஓடும்.

இரண்டு எல்லைகளும் ஒன்றல்ல என்பதை நார்வேயும் அயர்லாந்தும் காட்டிக்கொடுக்கும். நார்வே ஷெங்கனுக்கு உள்ளே, ஒன்றியச் சுங்க எல்லைக்கு வெளியே. அங்கே போனால் படகின் ஒன்றியக் கணக்கு நின்றுவிடும், உங்கள் நாள்கள் கரைந்துகொண்டே இருக்கும். அயர்லாந்தும் சைப்ரசும் நேரெதிர்: ஒன்றியத்தில் உண்டு, ஷெங்கனில் இல்லை. உங்களுக்கு ஓய்வு, படகுக்கு இல்லை. குரோவேஷியா 2023 ஜனவரி 1 முதல் ஷெங்கனில் சேர்ந்துவிட்டது. “அங்கே போய் 90 நாள் கழிக்கலாம்” என்ற பழைய யோசனையை இன்னும் சிலர் சொல்வார்கள், கேட்க வேண்டாம்.

2025 அக்டோபர் 12 முதல் பாஸ்போர்ட்டில் முத்திரை குத்துவதற்குப் பதில் கைரேகையையும் முகத்தையும் பதிவு செய்யும் முறையைப் படிப்படியாகக் கொண்டுவந்தார்கள். அதிகாரி விரல் விட்டு எண்ணி ஒரு நாளைத் தவறவிடும் காலம் போய்விட்டது.

இந்திய, இலங்கைப் பாஸ்போர்ட்டோடு பிரிட்டனில் வசிப்பவர்கள் பலமுறை நுழையும் ஷெங்கன் விசாவாகக் கேட்டு வாங்குங்கள். கோஸ் தீவிலிருந்து போட்ரம் போய்த் திரும்பினால் அது இன்னொரு நுழைவு. ஒருமுறை விசாவோடு போனவர் துருக்கிக் கரையிலேயே நிற்கவேண்டியதுதான். துருக்கிக்கான விசா தனி.

சிஇ முத்திரை

1998 ஜூன் 16-க்குப் பிறகு ஐரோப்பியச் சந்தையில் முதன்முதலாக வரும் 2.5 முதல் 24 மீட்டர் வரையிலான படகுகளுக்கு சிஇ முத்திரை (ஐரோப்பியப் பாதுகாப்புத் தரத்துக்கு ஏற்றது என்ற குறி) கட்டாயம். அதற்கு முன்பே ஐரோப்பாவில் ஓடிக்கொண்டிருந்தவற்றுக்குத் தேவையில்லை. அமெரிக்காவிலிருந்து மலிவாகக் கிடைக்கும் படகை இறக்குமதி செய்ய நினைப்பவர்கள் இதைத்தான் மறக்கிறார்கள். முத்திரை இல்லையென்றால் அங்கீகாரம் பெற்ற அமைப்பை வைத்துத் தனியாகச் சோதித்துச் சான்று வாங்கவேண்டும், அதில் மிச்சம் பிடித்த பணம் போய்விடும்.

ரேடியோ, ஓட்டும் சான்று, இன்சூரன்ஸ்

கொடி மாறினால் ரேடியோ அடையாள எண்ணும் மாறும். அந்த ஒன்பது இலக்க எண்ணின் முதல் மூன்று இலக்கம் நாட்டைச் சொல்லும்: 232 முதல் 235 வரை பிரிட்டன், 244 முதல் 246 வரை நெதர்லாந்து. விஎச்எஃப் ரேடியோ, ஏஐஎஸ் (படகின் அடையாளத்தையும் இருப்பிடத்தையும் மற்றக் கப்பல்களுக்கு அறிவிப்பது), ஆபத்து அறிவிப்புக் கருவி என்று மூன்றிலும் மாற்றவேண்டும். ஏஐஎஸ் கருவிகள் பலவற்றில் எண்ணை ஒருமுறைதான் நாமே உள்ளிட முடியும். பிறகு டீலரிடம்தான் போகவேண்டும். புறப்படும் வாரத்தில் இதைத் தொடங்க வேண்டாம். ஆபத்துக் கருவி பழைய உரிமையாளர் பெயரிலேயே பதிவாகியிருந்தால், நீங்கள் மூழ்கும்போது மீட்புப் படை அவர் வீட்டுக்குப் போன் செய்யும். நெதர்லாந்து, பெல்ஜியம், ஜெர்மனி உள்நாட்டு நீர்வழிகளில் ரேடியோ, பேசும்போது தானாகவே போகும் ஏட்டிஸ் அடையாளத்தையும் அனுப்பவேண்டும். இவை போகப் படகுக்கு ரேடியோ உரிமம் ஒன்று, இயக்குகிறவருக்குச் சான்று ஒன்று. இரண்டும் வேறு.

ஓட்டுகிறவருக்கு ஐசிசி என்கிற சர்வதேசத் திறன் சான்று. பிரிட்டனில் பாய், மோட்டார், கடல், உள்நாட்டு நீர்வழி என்று எதற்குச் செல்லும் என்பது அதிலேயே குறிக்கப்பட்டிருக்கும். பிரெஞ்சுக் கால்வாய்கள் வழியாக மத்தியதரைக் கடலுக்குப் போவதாக இருந்தால் செவ்னி (ஐரோப்பிய உள்நாட்டு நீர்வழி விதிகள்) தேர்வு எழுதிய குறிப்பும் வேண்டும். கால்வாயில் 5 மீட்டர் முதலான படகுகளுக்கு பிரெஞ்சு நீர்வழிகளை நிர்வகிக்கும் விஎன்எஃப் அமைப்பின் கட்டணமும் உண்டு.

இன்சூரன்ஸ் கம்பெனியிடம் மூன்றாம் நபர் பாதுகாப்புச் சான்றை இத்தாலியன், ஸ்பானிஷ், கிரேக்க மொழிகளில் கேளுங்கள். கேட்டால் அனுப்பிவிடுவார்கள், கேட்காவிட்டால் அனுப்பமாட்டார்கள். பாலிசியின் கடல் எல்லைப் பகுதியையும் படியுங்கள். துருக்கியோ வட ஆப்பிரிக்காவோ அதில் இல்லாமல் இருக்கலாம், 18 மாதக் கணக்கைப் புதுப்பிக்கப் போகும் இடமே அதுதான்.

புறப்பாடும் வருகையும்

பிரிட்டனை விட்டுக் கிளம்பும் முன் உல்லாசப் படகு அறிக்கையை இணையத்தில் அனுப்பவேண்டும்: கிளம்ப 24 மணி நேரத்துக்குள், 2 மணி நேரத்துக்குக் குறையாமல். திரும்பும்போதும் அப்படியே. மறுகரையில் அங்கீகரிக்கப்பட்ட நுழைவுத் துறைமுகத்துக்கே முதலில் போங்கள். அழகான சிறு குடா ஒன்றில் இரவு தங்கிவிட்டு மறுநாள் போகலாம் என்பது சட்டவிரோத நுழைவு. நுழைவு அனுமதிக்குக் காத்திருப்பதைக் காட்டும் மஞ்சள் கொடியை வலது புறம் ஏற்றி, காகிதம் முடிந்ததும் இறக்கிவிட்டு அந்நாட்டுக் கொடியை ஏற்றுங்கள்.

படகில் இருக்கும் உணவும் கணக்குத்தான். ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருகிறவர்கள் இறைச்சியும் பால் பொருளும் கொண்டுவரக் கூடாது. மீன் 20 கிலோ வரை சரி. கருவாடு தப்பிக்கும், நெய் தப்பிக்காது.

ஆட்கள் பட்டியலைப் பத்துப் பிரதி எடுத்து வைத்தால் கை வலிக்காது: பெயர், பிறந்த தேதி, குடியுரிமை, பாஸ்போர்ட் எண், எந்தத் துறைமுகத்தில் ஏறினார். உரிமையாளர் இல்லாமல் வேறொருவர் ஓட்டினால் அவருக்கு நோட்டரி கையெழுத்துள்ள அனுமதிக் கடிதம். படகின் பெயரும் பதிவு எண்ணும் பொறித்த ரப்பர் முத்திரை ஒன்று செய்துகொள்ளுங்கள்; சட்டத்தில் கேட்கவில்லை, ஆனால் கிரீசிலும் துருக்கியிலும் அதைக் குத்தினால் அதிகாரி முகத்தில் ஒரு நிம்மதி தெரியும்.

நாட்டுக்கு நாடு

கிரீசில் 7 மீட்டருக்கு மேற்பட்ட படகுகளுக்கு ஈ-டெபாய் என்ற உல்லாசப் படகு வரி. இணையத்தில் பதிந்தால் ஒரு கட்டண எண் வரும், அதைக் குறிப்பிட்டு வங்கி வழியாகக் கட்டி, ரசீதை அச்சிட்டு வையுங்கள். நீளத்தைப் பதிவுச் சான்றில் உள்ளபடியே எழுதவேண்டும். விளம்பரத் தாளில் இருந்த நீளத்தைப் போட்டால் துறைமுகக் காவலர் இரண்டையும் ஒப்பிட்டுக் கேள்வி கேட்பார். ஒன்றியத்துக்கு வெளியே பதிவான படகு என்றால் சுங்கத்தில் ட்ரான்சிட் லாக் என்ற பயணப் பதிவுத் தாள் வாங்கவேண்டும், ஒன்றியக் கொடி என்றால் டெக்பா என்ற போக்குவரத்து ஆவணம்.

குரோவேஷியாவில் துறைமுக அலுவலகத்தில் கடல் பாதுகாப்புக் கட்டணமும், 5 மீட்டருக்கு மேல் தங்கும் வரியும். ஜெர்மன் கொடியோடு வருகிறவர்களும் கட்டவேண்டும். ஒன்றியத்துக்குள் இருப்பது இதற்கு விலக்கு ஆகாது. 15 கிலோவாட்டுக்கு மேற்பட்ட எஞ்சின் என்றால் மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் கட்டாயம். ஓட்டும் சான்றையும் ரேடியோ சான்றையும் இங்கே உண்மையிலேயே வாங்கிப் பார்ப்பார்கள்.

இத்தாலியில் ஒன்றியத்துக்கு வெளியே பதிவான படகுக்கு கோஸ்திதூத்தோ என்ற வருகைத் தாள் வாங்கவேண்டும். துருக்கியில் ட்ரான்சிட் லாக், கழிவுநீரை ஒப்படைத்ததைப் பதியும் நீல அட்டை. ஸ்பெயினில் பயணிக்குப் பெரிய தொல்லை இல்லை. ஆனால் வருடத்தில் 183 நாளுக்கு மேல் அங்கே தங்கி வசிப்பவராக ஆகிவிட்டால், 8 மீட்டருக்கு மேற்பட்ட படகுக்கு 12 சதவீதப் பதிவு வரி வந்து நிற்கும். வாட் கட்டியதெல்லாம் அதற்குச் செல்லாது.

சிவப்பு டீசல் (குறைந்த வரிக்காகச் சாயமிட்டது) நிரப்பிய பிரிட்டிஷ் படகுகள் அந்த ரசீதுகளை எஞ்சின் மணிக்கணக்கோடு சேர்த்து வைத்துக்கொள்ளவேண்டும். டாங்கில் இருப்பதோடு சரி. கேன்களில் கொண்டுபோக வேண்டாம்.

லாரியில் அனுப்பினால்

தானே மிதந்து எல்லை தாண்டும் படகு வாகனம். லாரியில் ஏறிய படகு சரக்கு. பிரிட்டனுக்கும் ஒன்றியத்துக்கும் இடையே என்றால் சுங்க முகவர் இல்லாமல் முடியாது, ஏற்றுமதி அறிவிப்பும் மறுபக்கத்துத் தற்காலிக அனுமதிக் காகிதமும் எழுத்தில் தேவை. சாலையில் 2.55 மீட்டர் அகலத்தையும், பெரும்பாலான நாடுகளில் 4 மீட்டர் உயரத்தையும் தாண்டினால் சிறப்பு அனுமதி. 11 மீட்டர் படகின் அகலம் எப்படியும் மூன்றரை மீட்டரைத் தொடும், எனவே கடக்கும் ஒவ்வொரு நாட்டிலும் தனி அனுமதி. உயரத்தை அளக்கும்போது கீல் (படகின் அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் பகுதி) அடியிலிருந்து முன் கைப்பிடிக் கம்பி உச்சிவரை அளந்து, லாரிப் படுக்கையின் உயரத்தைக் கூட்டுங்கள். கம்பியைக் கழற்றினால் அனுமதிக்குள் அடங்கும் படகுகள் உண்டு.

லாரிக்காரரின் இன்சூரன்ஸ் போதும் என்று இருந்துவிட வேண்டாம். சிஎம்ஆர் என்ற சர்வதேசச் சாலைச் சரக்கு ஒப்பந்தப்படி அவருடைய பொறுப்பு கிலோவுக்கு 8.33 எஸ்டிஆர் (சர்வதேச நாணய நிதியத்தின் கணக்கு அலகு) என்ற அளவில் நின்றுவிடும்; 6 டன் படகுக்கு ஏறக்குறைய 50,000 எஸ்டிஆர். படகின் விலை அதைவிட அதிகம் என்றால் மிச்சத்துக்கு உங்கள் பாலிசியில் சாலைப் பயணத்தைச் சேர்க்கச் சொல்லி, ஏற்றும் நாளுக்கு முன் எழுத்தில் வாங்குங்கள். ஏற்றும்போதும் இறக்கும்போதும் உடலின் இரு பக்கமும் படம் எடுத்து, கீறல் இருந்தால் சிஎம்ஆர் தாளிலேயே எழுதிவிட்டுப் பிறகு கையெழுத்துப் போடுங்கள்.